பி கிளாஸ் இன்ஜினும் அதன் ஐந்து பேரும்

டார்ஜிலிங் மலை ரயிலின் பி கிளாஸ் நீராவி இன்ஜின் படம் எங்காவது கண்ணில் பட்டால், அதுவும் கொஞ்சம் பழைய படமாக இருந்தால், அதில் இருக்கும் ஆட்களை எண்ணிப் பாருங்கள். முன்பக்கம் பஃபர் பீமில், அதாவது இன்ஜினின் முன்முனையில் இருக்கும் குறுக்குச் சட்டத்தில் இரண்டு பேர், இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். தண்டவாளம் ஈரமாகிச் சக்கரம் வழுக்கும்போது கையாலேயே மணல் போடுவது அவர்கள் வேலை. கேபினுக்கு முன்னால் நிலக்கரிக் குவியலின் மேலேயே உட்கார்ந்து, பெரிய கட்டிகளை உடைத்து உள்ளே தள்ளிக்கொண்டே வருகிறவர் மூன்றாமவர். உள்ளே நெருப்பைக் கவனிக்கும் ஃபயர்மேன், டிரைவர். இவ்வளவு சின்ன இன்ஜினை மலையேற்ற ஐந்து பேர் வேண்டும்.

என் தோட்டத்தில் ஓடும் பி கிளாஸ் மாடல் இன்னொருவரிடமிருந்து கைமாறி வந்தது. செம்பு பாய்லர், எரிவாயு பர்னர், உண்மையான நீராவியில் ஓடுவது, 16 மி.மீ. ஸ்கேல். இன்ஜினியரிங்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் நிலக்கரிப் பெட்டி காலி, பஃபர் பீம் காலி, கேபின் காலி. தானாக ஓடும் பி கிளாஸ் என்று ஒன்று உலகத்தில் இருந்ததே இல்லை! அதனால் பெயிண்ட், நம்பர் பிளேட் எல்லாம் அப்புறம், முதலில் ஆட்களை ஏற்றுவோம் என்று முடிவு செய்தேன்.

அந்த ஆட்கள் ஏன் தேவைப்பட்டார்கள் என்பதற்குப் பதில் அந்த மலையிலேயே இருக்கிறது. 1879இல் தொடங்கி 1881இல் டார்ஜிலிங்கைத் தொட்ட 2 அடிப் பாதை அது. ஃபிராங்க்ளின் பிரெஸ்டேஜ் அதைப் பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த வண்டிச் சாலையை ஒட்டியே போட்டார். இன்றைய கணக்கில் பாதை தொடங்கும் நியூ ஜல்பைகுரி சுமார் 100 மீட்டர் உயரம், பாதையிலேயே மிக உயரத்தில் இருக்கும் கூம் ஸ்டேஷன் 2,258 மீட்டர். பல்சக்கரம் கிடையாது, வெறும் சக்கரமும் தண்டவாளமும் உரசும் பிடிமானத்தில்தான் ஏற வேண்டும். வளைவுகளோ கொடுமை. 1889இல் ஷார்ப் ஸ்டீவர்ட் கம்பெனி கிளாஸ்கோவில் கட்ட ஆரம்பித்த பி கிளாஸ் இதற்கெல்லாம் கண்ட விடை எளிமையானது: இன்ஜின் குட்டையாக இருக்கட்டும், நான்கே சக்கரம், பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் வண்டி வேண்டாம், தண்ணீரும் நிலக்கரியும் இன்ஜின் மேலேயே ஏறட்டும், அந்த எடையெல்லாம் சக்கரத்தை அழுத்தட்டும். தண்ணீர் பாய்லருக்கு மேலே சேணம் போல உட்காரும் தொட்டியில், கொஞ்சம் சட்டங்களுக்கு நடுவே. நிலக்கரி கேபினுக்கு முன்னால்.

நிலக்கரி கேபினுக்கு முன்னால் போய்விட்டால் ஃபயர்மேனால் அதை உடைக்கவும் வாரவும் முடியாது, அதற்குத் தனியாக ஒரு ஆள் மேலே உட்கார வேண்டும். நான்கு சக்கரம் மட்டும் என்றால் மழையிலும் பனியிலும் வழுக்கும், அதற்கு முன்னால் இரண்டு பேர். இன்ஜின் வடிவமைப்பு விட்ட இடத்தை மனிதர்கள் நிரப்பினார்கள். மொத்தம் 34 பி கிளாஸ் கட்டப்பட்டன. பெரும்பாலானவை ஷார்ப் ஸ்டீவர்ட்டும் அதன் வாரிசான நார்த் பிரிட்டிஷும் கட்டியவை, சில அமெரிக்காவின் பால்ட்வினிலும், மலையடிவாரத்துக்கு மேலே உள்ள திந்தாரியா பட்டறையிலும் உருவானவை. 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இந்த ரயில் சேர்ந்தது. என்னைக் கேட்டால் அந்தப் பெருமையில் பாதி இந்த மணல்காரர்களுக்கும் கரி உடைப்பவர்களுக்கும் சேர வேண்டும்.

சரி, மாடலுக்கு வருவோம். 16 மி.மீ. ஸ்கேலில் ஒரு அடிக்கு 16 மி.மீ., அதாவது 2 அடிப் பாதை 32 மி.மீ. ஆகிறது. 26 அங்குலச் சக்கரம் சுமார் 35 மி.மீ. ஐந்தரை அடி ஆள் 88 மி.மீ. இந்தக் கணக்கில் எனக்கு மிகப் பிடித்தது டார்ஜிலிங் பாதையின் அகனி பாயிண்ட் வளைவு: அங்கே ஆரம் 59.5 அடி, ஸ்கேலில் 95 செ.மீ.தான். தோட்ட ரயில்காரர்கள் ஒரு மீட்டருக்குக் குறைந்த வளைவைப் பார்த்தாலே "இதெல்லாம் பொம்மை ரயில் வளைவு" என்பார்கள். நிஜ ரயிலே அப்படித்தான் திரும்புகிறது ஐயா! என் பாதையில் ஒரு மூலையை வேண்டுமென்றே அந்த ஆரத்தில்தான் போட்டிருக்கிறேன்.

மிகவும் யோசிக்க வைத்தது கரி உடைப்பவர். அவர் உட்காரும் இடம் பாய்லருக்கு நேர் மேலே. 40 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு) அழுத்தத்தில் பாய்லர் ஓடும்போது உள்ளே இருக்கும் நீராவி சுமார் 141 டிகிரி செல்சியஸ். பிளாஸ்டிக்கோ ரெசினோ அந்தச் சூட்டில் மெல்லக் குனிந்துவிடும். அதனால் நிலக்கரிப் பெட்டிக்குள் ஒரு பொய்த்தளம் போட்டு, அதற்கும் பாய்லருக்கும் நடுவே காற்று போக இடைவெளி விட்டு, அடியில் பீங்கான் நார்த் தாள் ஒட்டினேன். அதன் மேல் உண்மையான நிலக்கரி. சுத்தியலால் பொடித்து, சமையலறையில் ஓய்வுபெற்ற சல்லடையில் சலித்து, கீழே தூள், மேலே கட்டிகள் என்று அடுக்கி, சூடு தாங்கும் எபாக்சி பசையில் ஒட்டியது. ஒரே அளவுக் கட்டிகளாகக் கொட்டினால் போலியாகத் தெரியும், ஏனென்றால் அங்கே ஒருவர் உடைத்துக்கொண்டே இருக்கிறார், அவர் காலடியில் சின்னதும் தள்ளி இருப்பது பெரிதுமாகத்தான் இருக்கும். சிலைக்கு உலோக வார்ப்பையே எடுத்துக்கொண்டேன். கையில் சுத்தியல், கழுத்தில் மஃப்ளர், தலையில் குல்லாய். கூமின் குளிர் சாதாரணம் இல்லை, ஆனால் அவர் உட்கார்ந்திருப்பது கொதிக்கும் பாய்லர் மேல், அதனால் ஸ்வெட்டரின் கையைச் சுருட்டி விட்டேன்.

மணல்காரர்கள் இருவரும் கழற்றக்கூடியவர்களாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜினின் முன்முனையில் இருக்கும் ஸ்மோக்பாக்ஸ் (புகை அறை) கதவைத் திறந்து பர்னரைப் பற்றவைக்க இடம் இருக்காது. காலுக்கு அடியில் சின்ன நியோடிமியம் காந்தம். சாதாரண நியோடிமியம் 80 டிகிரிக்கு மேல் வலுவை இழக்கும் என்பதால் சூடான நீராவி சிலிண்டரை ஒட்டி வைக்காமல் பீமின் நுனிக்குத் தள்ளியிருக்கிறேன். நிஜத்திலும் அவர்கள் அப்படித்தான் நுனியில் தொற்றிக்கொண்டு போனார்கள். டிரைவரும் ஃபயர்மேனும் இடுப்புக்கு மேலே மட்டும். கேபினுக்குள் எரிவாயு டேங்க்கும் எண்ணெய்க் குப்பியும் அடைத்துக்கொண்டிருப்பதால் கால் வைக்க இடம் கிடையாது. வெளியே எட்டிப் பார்க்கும் டிரைவருக்குக் கால் இல்லை என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

நிலக்கரியில் எரியாமல் வாயுவில் எரியும் இன்ஜினுக்கு எதற்கு இத்தனை கரி என்று ஒரு நண்பர் கேட்டார். நிஜத்திலேயே அந்த மாற்றத்தை முயன்று பார்த்தார்கள். நம் நீலகிரி மலை ரயிலின் 37395 எண் இன்ஜினை எண்ணெயில் எரிய வைத்த அதே முறையில் டார்ஜிலிங்கின் 787ஐயும் மாற்றினார்கள். டீசல் ஜெனரேட்டர், கம்ப்ரசர் எல்லாம் ஏறி அதன் முகமே மாறிப்போனது, சோதனை ஓட்டங்கள் திருப்தி தரவில்லை, வழக்கமான ஓட்டத்துக்கு அது வரவே இல்லை. பி கிளாஸ் என்றால் கரிதான்.

நம்பர் பிளேட்டுக்கு 778ஐத் தேர்ந்தெடுத்தேன். 1889இல் கட்டியது, முதலில் 19ஆம் எண். இந்தியாவை விட்டு வெளியே போன ஒரே பி கிளாஸ். 1962இல் அமெரிக்காவின் எலியட் டோனெலி வாங்கினார், இண்டியானா மாநிலத்தின் ஹெஸ்டனில் இருந்தது, பிறகு இங்கிலாந்தின் சில்டர்ன் ரயில்வே கம்பெனியின் தலைவராக இருந்த ஏட்ரியன் ஷூட்டர் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ஸ்டீப்பிள் ஆஸ்டன் கிராமத்தில் தன் வீட்டைச் சுற்றியே 2 அடிப் பாதை போட்டு ஓட்டினார். முழு அளவு இன்ஜின், சொந்தத் தோட்டத்தில்! 2022இல் அவர் காலமானார். தோட்டத்தில் ஓடும் மாடலுக்குப் போட இதைவிடப் பொருத்தமான எண் எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக வேகம். மலையில் மணிக்கு 15 கி.மீ. என்றால் ஸ்கேலில் நொடிக்கு சுமார் 22 செ.மீ. சின்ன நீராவி இன்ஜின்கள் இயல்பாகவே ஓட்டமெடுக்கும், அந்த வேகத்தில் பஃபர் பீமில் இருப்பவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. நீராவியைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டருக்கு சர்வோ என்ற சின்ன மோட்டார் வைத்து ரேடியோவில் கட்டுப்படுத்துகிறேன், கோச்சுகளுக்குள் ஈயம் வைத்து எடை கூட்டினேன். இப்போது மேட்டில் மூச்சு விட்டு மூச்சு விட்டு ஏறுகிறது, நீராவியின் ஒவ்வொரு 'சக்'கும் தனித்தனியாகக் கேட்கிறது.

அடுத்து கோச்சுகள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு கோச்சிலும் ஒரு பிரேக்மேன் நின்று, இன்ஜினின் விசில் கேட்டுக் கையால் பிரேக் போடுவார். என்னிடம் மூன்று கோச்சுகள் இருக்கின்றன, ஆக இன்னும் மூன்று பேருக்கு ஸ்வெட்டர் தைக்க வேண்டும்.