‘நார்மல்’ என்று வந்த அறிக்கைக்குப் பிறகு

எனக்கு இருப்பது வான் வில்லிபிராண்ட் நோயின் முதல் வகை. ரத்தக்குழாயில் காயம் பட்ட இடத்தில் தட்டணுக்களை ஒட்டவைப்பதும், ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணியைச் சிதையாமல் காப்பதுமான ஒரு புரதம் பிறவியிலேயே என் உடலில் குறைவு. ரத்தம் சரியாக உறையாத இன்னொரு பிறவி நோயான ஹீமோபிலியா பெரும்பாலும் ஆண்களையே பாதிக்கிறது. எனக்கு இருக்கும் நோயோ இருபாலருக்கும் ஒன்றுபோல் வருகிறது. ஆனால், மாதவிடாயும் பிரசவமும் இருப்பதால் பெண்களே இதனால் கூடுதலாக அவதிப்படுகிறார்கள்.

என் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் அதிக ரத்தப்போக்கு இருந்ததால், ஏழு நாளைத் தாண்டியும் நிற்காத என் மாதவிடாயை "நம் வீட்டுப் பெண்களுக்கு இப்படித்தான்" என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். குடும்பத்தில் பலருக்கு இருப்பதாலேயே நோய் இயல்பாகத் தோன்றிவிடுகிறது. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தவர்கள்கூட, ரத்தம் ஏன் குறைகிறது என்று கேட்கவில்லை.

கடைவாய்ப்பல்லை எடுத்த மறுநாளும் கடித்திருந்த பஞ்சு நனைந்துகொண்டே இருந்ததைக் கண்ட பல் மருத்துவர்தான் என்னை ரத்தவியல் நிபுணரிடம் அனுப்பினார். அதற்கு முன் வேறோர் இடத்தில் எடுத்த பரிசோதனையில் தட்டணுக்களின் எண்ணிக்கை, ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் பிடி (PT), ஏபிடிடி (aPTT) மூன்றுமே நார்மல் என்று வந்திருந்தன. இந்த நோயின் லேசான வகைகளில் அப்படி வருவது வழக்கம் என்பதை அந்த நிபுணர்தான் விளக்கினார். ரத்தம் எடுப்பதற்கு முன் அவர் நெடுநேரம் கேள்விகளே கேட்டார். நாப்கினை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன், இரவில் அதற்காக எழ வேண்டியிருக்கிறதா, ரத்தக்கட்டிகள் எவ்வளவு பெரிதாக வெளியேறுகின்றன, மூக்கில் ரத்தம் வந்தால் பத்து நிமிடத்துக்குள் நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இத்தனை ஆண்டுகளில் யாரும் கேட்காதவை அவை.

பிறகு அந்தப் புரதத்தின் அளவு, அது செயல்படும் திறன், எட்டாம் காரணி ஆகிய மூன்றையும் சோதித்தார்கள். முதல் முறை புரதத்தின் அளவு 54 சதவீதம் வந்தது. 50க்கு மேல் இருந்ததால் இயல்பு என்று விட்டிருக்கலாம். ஆனால் காய்ச்சல், மனப்பதற்றம், கர்ப்பம், ஹார்மோன் மாத்திரை ஆகியவற்றால் இந்த அளவு தற்காலிகமாக உயரும் என்பதாலும், நான் அப்போது சளிக்காய்ச்சலிலிருந்து முழுமையாகத் தேறாததாலும் மறுபடியும் எடுக்கச் சொன்னார். உடல் தேறியபின் எடுத்ததில் 29 வந்தது.

அடுத்தது டெஸ்மோபிரெசின் சோதனை. ரத்தக்குழாயின் உட்சுவரில் சேமிப்பாக உள்ள புரதத்தை இந்த மருந்து வெளியே கொண்டுவருகிறது. அதை நரம்பில் ஏற்றும்போது முகம் சூடேறிச் சிவந்தது, லேசாகத் தலை வலித்தது. ஒரு மணி நேரம் கழித்தும் நான்கு மணி நேரம் கழித்தும் ரத்தம் எடுத்து, அளவு போதுமான அளவுக்கு உயர்ந்ததை உறுதிசெய்தார்கள். உடலில் சோடியம் குறைந்துவிடக்கூடும் என்பதால் அன்று முழுவதும் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். இதைச் செவிலியர் அழுத்திச் சொன்னது எவ்வளவு முக்கியம் என்று பிறகு படித்தபோது புரிந்தது.

அடுத்த பல்லை எடுத்தபோது முன்கூட்டியே இந்த மருந்தை ஏற்றி, பிறகு சில நாள்கள், உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமில மாத்திரையும் கொடுத்தார்கள். அன்று மாலைக்குள் ரத்தம் நின்றுவிட்டது. ரத்தப்போக்கைக் கூட்டக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரினோ ஐபுபுரூஃபெனோ எடுப்பதில்லை. வலிக்குப் பாரசிட்டமால் மட்டுமே.

தங்கைக்கு இப்போது அறுவை சிகிச்சை ஒன்று பேசப்படுகிறது. என் அறிக்கையின் நகலை அவளுடைய மருத்துவரிடம் கொடுத்திருக்கிறோம்; அவளுக்கும் இந்த மூன்று பரிசோதனைகளையும் எடுத்த பிறகே தேதி குறிப்பதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.