சுனில் தத்: சிற்றலையில் வந்த பம்பாய்க் குரல்

சுனில் தத் ஹிந்திப் பட நடிகராவதற்கு முன் கொழும்பில் வானொலி அறிவிப்பாளராக இருந்தார் என்றொரு கதை இங்கே நெடுநாளாக உலவுகிறது. சுதந்திர சதுக்கத்து வானொலிக் கட்டடத்தைக் கைகாட்டி, "இங்கேதான் இருந்து பேசினவர்" என்று அடித்துச் சொல்லும் பழைய நேயர்களும் உண்டு. அதில் பாதிதான் உண்மை. குரல் கொழும்பிலிருந்து புறப்பட்டது, ஆள் இருந்ததோ பம்பாயில்.

அந்தக் காலத்து ரேடியோ சிலோன் எப்படி இயங்கியது என்று தெரிந்தால் குழப்பம் தீரும். இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளுக்காக இங்கே ஒரு வானொலி நடத்தினார்கள். அதற்காக ஏக்கலவில் நிறுவிய 100 கிலோவாற் சிற்றலை அனுப்பி போருக்குப் பிறகு இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950 செப்டெம்பர் 30இல் வர்த்தக சேவை ஆரம்பமானது. 1952இல் இந்தியாவில் கேஸ்கர் தகவல் அமைச்சரானார். அவருடைய கெடுபிடியால் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய நின்றுபோனது. பாட்டுக்கு ஏங்கிய இந்தியா கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பியது. விளம்பரக் கம்பனிகளும் பின்னாலேயே வந்தன.

ஹிந்தி சேவைக்குக் கொழும்பிலேயே தங்கிப் பேசிய அறிவிப்பாளர்கள் இருந்தார்கள். விஜய் கிஷோர் துபே, கோபால் சர்மா போன்றவர்கள் அந்த வகை. விளம்பரதாரர் நிகழ்ச்சிகள் வேறு வகை. அவற்றைப் பம்பாயிலேயே ஒலிப்பதிவு செய்து, நாடாவை விமானத்தில் கொழும்புக்கு அனுப்புவார்கள். இங்கே அதை ஓடவிட்டால் சிற்றலை வழியாக இந்தியாவுக்கே திரும்பிப் போகும். 1952 டிசம்பரில் தொடங்கிய அமீன் சயானியின் பாட்டு வரிசை நிகழ்ச்சியான பினாக்கா கீத்மாலாவும் இந்த வழியில் வந்ததுதான். சுனில் தத் நடத்திய 'லிப்டன் கி மெஹ்பில்' நிகழ்ச்சியும் அப்படியே. பம்பாய் நட்சத்திரங்களைப் பேட்டி காண்கிறவர் பம்பாயில்தானே இருக்க வேண்டும்? பகலில் ஜெய்ஹிந்த் கல்லூரியில் படிப்பு, பிழைப்புக்கு பெஸ்ட் பஸ் நிறுவனத்தில் வேலை என்று ஓடிக்கொண்டிருந்த மாணவர் கொழும்பில் எப்போது குடியிருந்திருப்பார்? அனுசரணை மட்டும் நம் மலைநாட்டோடு ஒட்டிய பெயர். லிப்டன் சுற்றுவட்டத்தைக் கடக்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

அவருடைய இயற்பெயர் பல்ராஜ் தத். 1929 ஜூன் 6ஆம் திகதி, இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஜீலம் மாவட்டத்தில் குர்த் என்ற ஊரில் பிறந்தார். ஐந்து வயதில் தகப்பனை இழந்தார். பதினெட்டு வயதில் பிரிவினை வந்தது. குடும்பம் இன்றைய ஹரியானாவின் யமுனாநகர்ப் பக்கம் ஒதுங்கியது. கொஞ்சக் காலம் லக்னோ, பிறகு பம்பாய்.

வானொலிக்காகப் பேட்டி எடுக்கப் போன இடத்தில்தான் சினிமா அவரைப் பிடித்தது. 'ஷிகஸ்த்' படப்பிடிப்பில் அவரைக் கண்ட இயக்குநர் ரமேஷ் சைகல், 1955இல் 'ரயில்வே பிளாட்போர்ம்' படத்தில் கதாநாயகனாக்கினார். பல்ராஜ் சாஹ்னி ஏற்கெனவே புகழோடு இருந்தபடியால் பெயர் குழம்பிவிடும் என்று பல்ராஜ் தத், சுனில் தத் ஆனார். அதற்கு முன்பே நர்கிஸைப் பேட்டி காணப் போய், பதற்றத்தில் ஒரு கேள்வியும் வாயில் வராமல் அந்தப் பேட்டியே கைவிடப்பட்ட கதையும் உண்டு.

சில வருடத்தில் அதே நர்கிஸுக்கு மகனாக நடித்தார். மெஹ்பூப் கானின் 'மதர் இந்தியா' (1957). இவர் ஏற்ற பிர்ஜு, வட்டிக்காரனைப் பழிவாங்கப் புறப்பட்டுக் கடைசியில் தாயின் கையாலேயே சுடப்பட்டுச் சாகிற பிள்ளை. நர்கிஸ் பிறந்தது 1929 ஜூன் 1. தாய்க்கும் மகனுக்கும் நிஜத்தில் ஐந்து நாள் வித்தியாசம்! குஜராத்தின் உம்ராவில் வைக்கோற் போர்களுக்குத் தீ வைத்துப் படம் பிடித்தபோது காற்றுத் திசை மாறி, நர்கிஸ் நெருப்புக்கு நடுவில் அகப்பட்டார். போர்வையைச் சுற்றிக்கொண்டு உள்ளே பாய்ந்து தூக்கி வந்த சுனில் தத்துக்கு முகத்திலும் நெஞ்சிலும் தீக்காயம். திரையில் தாயும் மகனுமாக இருப்பவர்கள் காதலிக்கிறார்கள் என்று தெரிந்தால் படம் படுத்துவிடும் என்பதால் விஷயத்தை மூடியே வைத்திருந்தார்கள். படம் வெளிவந்த பிறகு, 1958 மார்ச் 11இல் திருமணம்.

பிர்ஜுவை வைத்து இவரைக் கோபக்கார நடிகர் என்று எடைபோடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இவருடைய நல்ல படங்களை வரிசையாகப் பார்த்தால், மையத்தில் ஏதோ ஒரு வகையில் குரல் இருக்கும். பிமல் ராயின் 'சுஜாதா'வில் (1959) தொலைபேசியில் ஒரு முழுப் பாட்டைப் பாடுவார். மறுமுனையில் நூதன் ரிசீவரைப் பிடித்தபடி அழுதுகொண்டு நிற்பார். பாடியது தலத் மஹ்மூத். வாயசைக்கும்போது பல நடிகர்கள் விடும் பிழை, மேடையில் நிற்கிறவர்களைப் போல வாயை அகலத் திறப்பது. தலத்தின் மெல்லிய நடுங்கும் குரலுக்கு அது ஒட்டவே ஒட்டாது. சுனில் தத்தின் உதடு மைக்குக்குப் பக்கத்தில் இருந்து பேசிப் பழகிய உதடு. குறைவாகத்தான் அசையும்.

'மிலன்' (1967) படத்தில் படகோட்டியாக வந்து நூதனுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் இடமும் அப்படித்தான். நூதன் 'ஷோர்' (இரைச்சல்) என்று படித்தவர்கள் மாதிரி உச்சரிக்க, இவர் 'ஸோர்' என்று கிராமத்து வழக்கில் திருத்துவார். முகேஷும் லதாவும் பாடிய பாட்டு. இதைச் சிற்றலையில் கேட்டவர்களுக்கு ஒரு சங்கடம் இருந்திருக்கும். ஏறத்தாழ 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஓசையை அந்த ஒலிபரப்பு வெட்டிவிடும். 'ஷ'வின் பலம் அதற்குக் கீழே இருப்பதால் தப்பிவிடும், 'ஸ'வின் பலம் பெரும்பாலும் அதற்கு மேலே. அதனால் திருத்திச் சொன்ன எழுத்துத்தான் மங்கிக் கேட்கும். சிற்றலையைப் பூமிக்குத் திருப்பியனுப்பும் வானடுக்கான அயனமண்டலம் ஏறி இறங்கும்போது குரல் தேய்ந்து தேய்ந்து திரும்பி வருவது தனி. அந்தக் கால வானொலிக்காரர் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுப் பேசியதை வெறும் அலங்காரம் என்று நினைக்கக் கூடாது.

இதன் உச்சம் 'யாதேன்' (1964). தயாரிப்பும் இயக்கமும் நடிப்பும் இவரே. ஒரு கதை, ஒரு வீடு, ஒரே நடிகர். மழை இரவில் வீடு திரும்புகிறவன் மனைவியையும் பிள்ளைகளையும் காணாமல் தனியே புலம்புகிறான். மற்றப் பாத்திரங்கள் யாவும் வெறும் குரல்கள். விருந்துக் காட்சிக்குக் கார்ட்டூன் படங்களையும் பலூன்களையும் வைத்து ஒப்பேற்றியிருப்பார். கடைசியில் நர்கிஸின் நிழல் மட்டும் விழும். மிகக் குறைந்த நடிகர்களைக் கொண்ட படம் என்று கின்னஸில் இடம் கிடைத்தது. ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று பார்த்தால் காரணம் இலகு. இது அச்சு அசல் வானொலி நாடகம். வானொலி நாடகத்தில் கேட்கிறவர் காட்சியைத் தானே மனதில் கட்டிக்கொள்வார். இங்கே அந்த இடத்தைக் கமரா முன்கூட்டியே நிரப்பிவிடுகிறது. பிறகு செய்வதற்கு அதனிடம் எதுவுமில்லாமல் அறைக்குள் சுற்றுகிறது. முதல் அரை மணித்தியாலம் அருமை. பிறகு நடிப்பு சற்று உரத்துப் போகிறது. ஆனாலும் ஹிந்தியில் அப்படி ஒன்றைச் செய்யத் துணிந்தவர் யார்?

1971இல் 'ரேஷ்மா அவுர் ஷேரா'. ராஜஸ்தான் பாலைவனத்தில் எடுத்த படம். வஹீதா ரஹ்மானுக்கும் இசையமைப்பாளர் ஜெய்தேவுக்கும் தேசிய விருது கிடைத்தது, இவருக்குக் கடன் கிடைத்தது. இந்தப் படத்தில், பின்னாளில் குரலுக்கே பேர்போன அமிதாப் பச்சனுக்கு இவர் கொடுத்தது ஊமை வேடம்!

தமிழ் பார்வையாளர்களுக்கு இவரிடம் நெருங்க வேறொரு வழி இருக்கிறது. 'கந்தான்' (1965), நம்முடைய 'பாகப்பிரிவினை'. இரண்டையும் இயக்கியவர் ஏ. பீம்சிங். சிவாஜி செய்த கை வழங்காத கன்னையனை அங்கே சுனில் தத் செய்து பிலிம்பேர் விருது வாங்கினார். அவருடைய மற்ற பிலிம்பேர் விருது சம்பல் கொள்ளைக்காரனாக நடித்த 'முஜே ஜீனே தோ'வுக்கு (1963). 'படிக்காத மேதை' அங்கே 'மெஹர்பான்' ஆனது, அதுவும் பீம்சிங்தான். அடுத்தடுத்து பார்த்தால் வித்தியாசம் துலங்கும். சிவாஜியிடம் ஊனம் தோளிலிருந்து பாதம் வரை இறங்கும். இவர் கையை ஒரு நிலையில் மடக்கி வைத்துவிட்டு மிச்சத்தைப் பேச்சில் தள்ளிவிடுவார். விருதை விடுங்கள், அந்த வேடம் சிவாஜியுடையது.

'படோசன்' (1968) வேறு கதை. ரி.ஆர். ராமச்சந்திரனும் அஞ்சலிதேவியும் நடித்த 'அடுத்த வீட்டுப் பெண்' (1960) பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். பாட வராதவன், பின்னால் ஒளிந்திருந்து நண்பன் பாட, ஜன்னலில் நின்று வாயசைத்துப் பெண்ணை மயக்குகிறான். வங்காளத்துக் கதை, தெலுங்கு தமிழ் எல்லாம் சுற்றி ஹிந்திக்குப் போனது. குரல் ஓரிடம் உடல் ஓரிடம் என்பதே இதன் நகைச்சுவை, அதை லிப்டன் மெஹ்பில்காரரே நடிக்கிறார். கிஷோர் குமாருக்கும் மெஹ்மூதுக்கும் நடுவில் அப்பாவியாக, எண்ணெய் வழியும் தலையோடு நின்று, சிரிப்பை அவர்களுக்கே விட்டுக்கொடுத்திருப்பார். மெஹ்மூதின் தென்னிந்தியப் பாட்டு வாத்தியார் நம்மவர்களுக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் உறுத்தவும் செய்யும்.

பிறகு வந்த கொள்ளைக்காரப் படங்களைத் தாண்டிப் போகலாம். 1981 மே 3இல் நர்கிஸ் புற்றுநோயால் இறந்தார். மகன் சஞ்சய் தத்தை அறிமுகப்படுத்தி இவர் இயக்கிய 'ரொக்கி' அதே வாரம் வெளியானது. 1984இல் காங்கிரஸ் சார்பில் பம்பாயின் வடமேற்குத் தொகுதியில் வென்று, மொத்தம் ஐந்து தடவை நாடாளுமன்றம் போனார். 1987இல் பஞ்சாப் பற்றி எரிந்தபோது, மகள் பிரியாவோடு பம்பாயிலிருந்து அமிர்தசரஸ் வரை சுமார் 2000 கிலோமீற்றரை 78 நாளில் நடந்தார். நாளொன்றுக்கு 25 கிலோமீற்றருக்கு மேல், ஏறக்குறைய 58 வயதில்.

2003இல் 'முன்னாபாய் எம்பிபிஎஸ்'. ஒரே படத்தில் முன்பும் தலைகாட்டியிருந்தாலும், தகப்பனும் மகனும் நேருக்கு நேர் நின்று நடித்தது இதில்தான். கட்டிப்பிடிக்கும் அந்த இடத்தில் சுனில் தத்துக்குப் பெரிய வசனம் கிடையாது. அடுத்த வருடம் 'வசூல்ராஜா'வில் அதே தகப்பன் வேடம் நாகேஷுக்குப் போனது. இரண்டிலும் அந்தக் காட்சியை மட்டும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாகேஷ் கண்ணால் செய்கிறதை இவர் மூச்சால் செய்கிறார். 2004இல் மன்மோகன் சிங் அமைச்சரவையில் இளைஞர் விவகார, விளையாட்டுத்துறை அமைச்சரானார். 2005 மே 25ஆம் திகதி பாந்த்ரா வீட்டில் மாரடைப்பால் இறந்தபோதும் அந்தப் பதவியிலேயே இருந்தார். வெற்றிடமான தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில் மகள் பிரியா வென்றார்.