இடம் கிடைக்க ஏழு நிமிடம், தடுப்பூசித் தாள் தேற மூன்று வாரம்

நியூ ஜெர்சியில் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) பார்க் நடத்தும் கோடை கேம்ப் என்றதும் எல்லோரும் பயமுறுத்துவது ரிஜிஸ்ட்ரேஷன் நாளைச் சொல்லித்தான். அது எங்களுக்கு ஏழு நிமிடத்தில் முடிந்தது. முந்தைய நாளே லாகின் செய்து, கார்டு விவரம் ஏற்றி, வேண்டிய வாரங்களின் எண்களைக் குறித்து வைத்திருந்தால் போதும். ஒரு எச்சரிக்கை: வலைத்தளத்தின் கூடையில் (கார்ட்) போட்டதாலேயே இடம் நமக்கு என்று ஆகிவிடாது. பணம் கட்டி ரசீது வரவேண்டும். நான்கு வாரத்தையும் சேர்த்துக் கட்டலாம் என்று தேடிக்கொண்டிருந்தால் முதல் வாரம் பறந்துவிடும். கிடைக்கிற வாரத்துக்கு உடனே கட்டிவிட்டு அடுத்ததைத் தேடுங்கள்.

கவுண்டிவாசி என்ற சலுகைக் கட்டணம் வேண்டுமென்றால் முகவரிச் சான்றை ஜனவரியிலேயே கொடுத்துவிடுங்கள். வீடு மாறியிருந்து லைசென்ஸில் பழைய முகவரி இருந்தால் கரண்ட் பில் கேட்பார்கள். அது கணவர் பேரில், கணக்கு மனைவி பேரில் என்றால் அங்கேயே நிற்கும்.

எங்களுக்கு நிஜமான இடி மே மாதம் விழுந்தது. "தடுப்பூசிப் பதிவு முழுமையில்லை" என்று ஒற்றை வரி மெயில். எது முழுமையில்லை என்று அதில் இல்லை. நேரில் போனால் கவுண்டரில் இருந்த அம்மணி, நர்ஸ் செவ்வாயும் வியாழனும்தான் வருவார் என்றார். போனது புதன். அது முதல் வெட்டி அலைச்சல்.

வியாழன் போனபோதுதான் விஷயம் விளங்கியது. பிள்ளை சென்னையில் பிறந்தது, மே 20. ஊர் அட்டையில் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசி) போட்ட தேதி 05/08/2018. நமக்கு அது ஆகஸ்ட் 5. அமெரிக்கக் கண்ணுக்கு மே 8. அப்படிப் படித்தால் முதல் பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்பே ஊசி போட்டதாகிவிடும். இங்கே எம்எம்ஆர் ஒரு வயது முடிந்து போட்டால்தான் கணக்கு. நான்கு நாள் முந்தினால் பொறுத்துக்கொள்வார்கள், பன்னிரண்டு நாள் செல்லாது. ஊரில் ஒன்பதாம் மாதம் போட்ட டோஸும் இதே காரணத்தால் கணக்கில் வராது. தட்டம்மைக்கு இரண்டு டோஸ் வேண்டும், நர்ஸ் கண்ணுக்குத் தெரிந்தது ஐந்து வயதில் போட்ட ஒன்றுதான். "அதே அட்டையில் 23/08 என்று இன்னொரு தேதி இருக்கிறதே, இருபத்துமூன்றாம் மாதம் உண்டா?" என்று காட்டியும் அசையவில்லை. அட்டையில் கை வைத்துத் திருத்தவும் கூடாது. திருத்தினால் மொத்த அட்டையும் சந்தேகத்துக்குள்ளாகும்.

வழி இதுதான். ஊர் அட்டையைக் கேம்ப்புக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். குழந்தை டாக்டரிடம் கொடுத்து, மாநிலத் தடுப்பூசிப் பதிவேட்டில் (என்ஜேஐஐஎஸ்) ஒவ்வொரு டோஸையும் ஏற்றச் சொல்லி, அந்த அச்சுப் பிரதியைக் கொடுங்கள். ஏற்றும் ஊழியரிடம் மாதத்தை எழுத்தில் எழுதிய ஒரு தாளையும் சேர்த்துக் கொடுங்கள், இல்லையென்றால் அவரும் அதே தப்பைச் செய்வார். எங்களுக்கு அங்கேயும் ஒரு வாரம் போனது: பள்ளியில் அப்பா பெயர் கடைசிப் பெயர், பதிவேட்டில் வெறும் இனிஷியல். அச்சுப் பிரதியில் உள்ள பெயரும் கேம்ப் கணக்கில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று டாக்டர் ஆபீஸிலேயே பார்த்துவிடுங்கள்.

ஊர் அரசு மருத்துவமனை அட்டை வைத்திருப்பவர்கள் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். அங்கே போடுவது எம்ஆர், அதாவது தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கு மட்டுமான ஊசி. அதில் பொன்னுக்குவீங்கிக்கு மருந்து இல்லை. சின்னம்மைத் தடுப்பூசியும் அரசு அட்டவணையில் கிடையாது. இரண்டையும் இங்கே போட்டே ஆக வேண்டியிருக்கும். ஒரே நாளில் போட்டால் தொல்லை இல்லை. ஒரே நாளில் போடாவிட்டால் இரண்டும் உயிருள்ள கிருமி ஊசிகள் என்பதால் 28 நாள் இடைவெளி வேண்டும். ஜூன் கடைசியில் தொடங்கும் கேம்ப்புக்கு மே கடைசியில் இந்தக் கணக்கைப் போட்டால் வயிற்றைக் கலக்கும்.

மற்றபடி சில்லறைச் சிக்கல்கள். குளிர்காலத்தில் பனி விடுமுறை அதிகமாகப் போயிருந்தால் பள்ளியின் கடைசி நாள் தள்ளிப்போய் கேம்ப்பின் முதல் வாரத்தோடு முட்டும். அந்த வாரத்தை மட்டும் எடுக்காமல் விட்டோம், பிழைத்தோம். அலர்ஜி முற்றினால் போடும் எபிபென் ஊசி இருந்தால் மருந்துக்கடை லேபிளோடு பெட்டியில்தான் வாங்குவார்கள், டாக்டர் கையெழுத்துப் படிவத்தில் உள்ள அளவும் லேபிளில் உள்ள அளவும் ஒத்துப்போக வேண்டும். பிள்ளை எடை கூடி 0.15 மில்லிகிராமிலிருந்து 0.3க்கு மாறியிருந்தால் பழைய படிவம் உதவாது. கொட்டை தவிர்க்கும் கேம்ப் என்றால் எலுமிச்சை சாதத்தில் வேர்க்கடலை இருக்கிறதே என்பது நமக்குக் காலை ஏழு மணிக்கு ஞாபகம் வராது. எங்கள் டப்பா திரும்பி வந்தது.

ஊரிலிருந்து வந்த தாத்தா கூட்டிவரப் போவதானால் அழைத்துச்செல்வோர் பட்டியலில் அவர் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஏற்றுங்கள், பாஸ்போர்ட்டையும் கையில் கொடுத்தனுப்புங்கள். பேரன் ஓடிவந்து கட்டிக்கொண்டாலும் படம் போட்ட அடையாளச் சான்று இல்லாமல் விடமாட்டார்கள். விடக்கூடாது என்பதும் சரிதான்.

நீச்சல் தேர்வில் தேறாத பிள்ளைக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். கையில் மாட்டும் காற்றுப் பலூன் செல்லாது. கோஸ்ட் கார்டு (அமெரிக்கக் கடலோரக் காவல்படை) அங்கீகாரம் என்று உள்பக்கம் அச்சிட்டிருக்க வேண்டும்.

பணத்தில் கொஞ்சம் மீட்கலாம். வேலைக்குப் போகும் பெற்றோர், 13 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கட்டும் பகல்நேரக் கேம்ப் கட்டணத்தை டிபெண்டன்ட் கேர் எஃப்எஸ்ஏ கணக்கில் (பிள்ளை பராமரிப்புச் செலவுக்கென்று வரிக்கு முன் சம்பளத்தில் ஒதுக்கும் பணம்) கோரலாம். கால்பந்து மட்டும், கம்ப்யூட்டர் மட்டும் என்றிருக்கும் கேம்ப்பும் சேரும், ராத்தங்கும் கேம்ப் சேராது. இதன் உச்சவரம்பு 2026 முதல் 5,000 டாலரிலிருந்து 7,500 ஆகியிருக்கிறது. ரசீதில் பிள்ளை பெயர், வாரத் தேதிகள், தொகை மூன்றும் வேண்டும். எங்களுக்கு வந்ததில் தேதி இல்லாமல் ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். வருமான வரிச் சலுகைக்குக் கவுண்டியின் வரி அடையாள எண்ணும் தேவை. இதையெல்லாம் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் கேட்டு வாங்கிவிடுங்கள். கேம்ப் ஆபீஸில் இருப்பவர்கள் பாதிப்பேர் கல்லூரிப் பிள்ளைகள், செப்டம்பரில் அந்தப் போனை எடுக்க ஆளிருக்காது.