எதிர்பார்க்கப்படுகிறது

போன வாரம் விக்கிப்பீடியாவில் வேறு எதையோ தேடப் போனவன், பழைய புயல் கட்டுரை ஒன்றில் இந்த வரியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன்: "புயல் இன்று நள்ளிரவு கரையைக் கடக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது." அந்தப் புயல் கடந்து, ஓய்ந்து, அதன் பெயரே பலருக்கு மறந்துவிட்டது. கட்டுரையில் மட்டும் இன்னும் கரைக்கு வராமல் நிற்கிறது. யார் எழுதியது என்று பக்க வரலாற்றைத் திறந்து பார்த்தேன். நான்தான்.

நான் புயல் கட்டுரைகளுக்குள் இழுக்கப்பட்டது 2018 நவம்பரில், கஜா வந்தபோது. அதுவரை ஊர்ப் பெயர்களில் எழுத்துப்பிழை திருத்திக்கொண்டிருந்த ஆள். கஜா கட்டுரையில் இரண்டு பயனர்கள் தேதியை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நவம்பர் 15 என்று போடுவார், இன்னொருவர் 16 ஆக்குவார், மறுபடி 15. ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதும் காரணக் குறிப்பில், அதாவது தொகுப்புச் சுருக்கத்தில், கோபம் ஏறிக்கொண்டே போனது. நான் மூன்றாவது ஆளாகப் போய் 16 என்று மாற்றிவிட்டு, பெரிய நியாயம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

உண்மையில் இரண்டு பேரும் சரி. கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது இந்திய நேரப்படி 16ஆம் தேதி நள்ளிரவு தாண்டி 12.30க்கும் 2.30க்கும் இடையில். உலகம் முழுக்க வானிலை மையங்கள் கணக்கு வைப்பதோ ஒருங்கிணைந்த சர்வதேச நேரத்தில். அது நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அந்தக் கணக்கில் அது 15ஆம் தேதி இரவு 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் நடந்தது. ஒருவர் செய்தித்தாளைப் பார்த்து எழுதினார், மற்றவர் அறிக்கையின் அட்டவணையைப் பார்த்து எழுதினார். அவ்வளவுதான் சண்டை.

கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் இதைப் போட்டதும் இருவரும் அமைதியாகிவிட்டார்கள். அங்கேதான் எங்களின் முதல் விதி பிறந்தது: தகவற்சட்டத்தில் (கட்டுரையின் ஓரத்தில் வரும் சுருக்கப் பெட்டி) சர்வதேச நேரம், கட்டுரையின் உரையில் உள்ளூர் நேரம், இரண்டில் எது என்று ஒவ்வோர் இடத்திலும் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கும் யாராவது புதிதாக வந்து தேதியை மாற்றினால் அந்தப் பேச்சுப் பக்கத்துக்குத்தான் அனுப்புகிறோம்.

புயல் கட்டுரையின் கஷ்டம் வேறு மாதிரியானது. ஒரு கோயிலைப் பற்றி எழுதினால் கோயில் எங்கேயும் போய்விடாது, நிதானமாக எழுதலாம். புயல் நகர்ந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவின் தேசிய சூறாவளி மையம் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை முழு அறிக்கை விடும், கரையை நெருங்கினால் நடுநடுவே இன்னும் வரும். எல்லாருக்கும் அதே நேரத்தில் அதே பக்கத்தில் ஏதாவது செய்ய ஆசை. சேமிக்கப் போனால், அதற்குள் வேறொருவர் மாற்றிவிட்டார் என்று 'தொகுத்தல் முரண்' வந்து நிற்கும். ஆங்கிலத்தில் இதற்கென்றே ஒரு விக்கித்திட்டம், எழுதிவைத்த வழிகாட்டல், ஆள் பலம் எல்லாம் இருக்கிறது. நாங்கள் நாலைந்து பேர். அதனால் பங்கு பிரித்துக்கொண்டோம். ஒருவர் எண்கள் மட்டும் பார்ப்பார். ஒருவர் படங்கள், புயல் போன பாதையைக் காட்டும் தடவரைபடம். ஒருவர் சேதமும் உயிரிழப்பும். என் வேலை வார்த்தைகள். இது எழுதப்பட்ட ஏற்பாடு இல்லை. யாருக்காவது வேலை வந்துவிட்டால் ஆலமரத்தடி என்கிற விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கத்தில் ஒரு வரி போட்டுவிட்டுப் போவார்.

எண்கள் என் வேலை இல்லை என்று ஆனதற்கும் ஒரு கதை உண்டு. 2013இல் பிலிப்பைன்சைத் தாக்கிய ஹையான் பற்றிய கட்டுரையை விரிவாக்கிக்கொண்டிருந்தேன். காற்றின் வேகம் மணிக்கு 315 கிலோமீட்டர் என்று படித்திருந்தேன், தகவற்சட்டத்தில் போட்டேன். மறுநாள் என் பேச்சுப் பக்கத்தில் எங்கள் குழுவில் எண்கள் பார்க்கும் கல்லூரி மாணவர் எழுதியிருந்தார்: "அண்ணா, 10 நிமிடக் கட்டத்தில் 315 வராதே? ஒரு தடவை பாருங்களேன்."

பார்த்தேன். காற்று ஒரே வேகத்தில் வீசுவதில்லை. குறிப்பிட்ட நேரத்துக்குச் சராசரி எடுத்துத்தான் சொல்வார்கள். அந்த நேரம் எவ்வளவு என்பதில் உலகம் ஒத்துப்போகவில்லை. ஜப்பான் வானிலை முகமை 10 நிமிடச் சராசரி எடுக்கிறது, அமெரிக்கர்கள் 1 நிமிடம், இந்திய வானிலை ஆய்வுத் துறை 3 நிமிடம். நேரம் குறையக் குறைய எண் பெரிதாகும். ஹையானுக்கு ஜப்பான் கணக்கு 230, அமெரிக்கக் கூட்டுப் புயல் எச்சரிக்கை மையத்தின் கணக்கு 315. ஒரே புயல்தான். நான் 1 நிமிட எண்ணைத் தூக்கி 10 நிமிடக் கட்டத்தில் வைத்திருந்தேன். அது தப்பு என்பதைவிட, யாரும் கேட்காமல் இருந்திருந்தால் இன்னும் பத்து வருடம் அப்படியே இருந்திருக்கும் என்பதுதான் எனக்கு உறைத்தது. பெரிய எண்ணைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை, புயல்தானே என்று விட்டுவிடுகிறோம்.

அதே மாணவர்தான் எனக்கு முழுமையாக்கலின் கூத்தைக் காட்டினார். மையங்கள் வேகத்தை 'நாட்' (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) என்ற அலகில் 5இன் மடங்குகளாகக் கணிக்கும். பிறகு மைலுக்கும் கிலோமீட்டருக்கும் மாற்றி, அதையும் அருகிலுள்ள 5இன் மடங்குக்கு முழுமையாக்குவார்கள். 115 நாட் என்றால் 132.3 மைல், அருகிலுள்ள 5 என்பது 130. ஆனால் சூறாவளிகளைக் காற்றின் வேகப்படி 1 முதல் 5 வரை வகைப்படுத்தும் சஃபிர்-சிம்ப்சன் அளவுகோலில் 4ஆம் வகை 131 மைலில்தான் தொடங்கியது. நாட் கணக்கில் பார்த்தால் 4ஆம் வகை, முழுமையாக்கிய மைலில் பார்த்தால் 3ஆம் வகை! அதைச் சமாளிக்க 135 என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 2012இல் அளவுகோலின் எல்லையையே 130 ஆக்கிவிட்டார்கள். அதனால் எங்கள் இரண்டாவது விதி: எப்போதும் நாட் எண்ணிலிருந்து நேராக மாற்று. மைலுக்கு மாற்றியதை மறுபடி கிலோமீட்டருக்கு மாற்றாதே. இப்போது வார்ப்புருவே (பக்கங்களில் செருகும் ஆயத்த அச்சு) அந்தக் கணக்கைப் போட்டுவிடுகிறது, நாங்கள் நாட் எண்ணை மட்டும் கொடுத்தால் போதும்.

சரி, என் பங்குக்கு வருகிறேன். வார்த்தைகள்.

இயந்திர மொழிபெயர்ப்பை ஒட்டிவிட்டுப் போகும் ஆர்வலர்கள் புயல் நாட்களில் அதிகம். அதில் நான் அடிக்கடி பார்ப்பது, ஆங்கிலத்தின் 'landfall' புயல் கரையைக் கடந்தது என்று வர வேண்டிய இடத்தில் 'நிலச்சரிவை ஏற்படுத்தியது' என்று வருவது. முதல் தடவை சிரித்தேன். பிறகு ஒரு கட்டுரையில் புயலால் உண்மையிலேயே நிலச்சரிவு ஏற்பட்டு ஆட்கள் இறந்த பத்தியும் இருந்தது. இப்போது எந்த நிலச்சரிவு நிஜ நிலச்சரிவு என்று மூலத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் திருத்த முடிந்தது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அதைவிடப் பெரிய தலைவலி வகைப்பெயர்கள். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், புயல் வரைக்கும் சிக்கல் இல்லை, எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். அதற்கு மேலே தீவிரம், மிகத் தீவிரம், அதி தீவிரம் என்று ஏறும்போது ஒரு செய்தித்தாளின் 'அதி தீவிரப் புயல்' இன்னொரு செய்தித்தாளின் 'மிகத் தீவிரப் புயல்'. 'மிக' பெரியதா 'அதி' பெரியதா என்று தமிழ் இலக்கணம் தீர்ப்பு சொல்லாது. அதனால் ஓர் அட்டவணை போட்டோம்: 48 முதல் 63 நாட் தீவிரப் புயல், 64 முதல் 89 மிகத் தீவிரப் புயல், 90 முதல் 119 அதி தீவிரப் புயல், 120உம் அதற்கு மேலும் சூப்பர் புயல். எல்லைகள் இந்திய வானிலை ஆய்வுத் துறையுடையவை. பெயர்கள் நாங்கள் ஒத்துக்கொண்டவை. 'சூப்பர்' வேண்டாம், தமிழாக்கலாம் என்று ஒரு நீண்ட விவாதம் ஓடியது. நான் சூப்பர் பக்கம். மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், தேடுவதும் அப்படித்தான். எங்களில் மூத்தவர் ஒருவர் இதில் இன்னும் என்னோடு சமாதானம் ஆகவில்லை.

பெயர்களின் எழுத்துக்கூட்டல் தனிக் கதை. வட இந்தியப் பெருங்கடலில் ஒரு பெயரை ஒரே ஒரு முறைதான் வைப்பார்கள். 2020இல் வந்த பட்டியலில் 13 நாடுகள் ஆளுக்கு 13 கொடுத்து மொத்தம் 169 பெயர்கள். பெயர் கொடுப்பவர் ஒருவர், உச்சரிப்பவர் இன்னொருவர். 2023இன் மிக்ஜாமை ஆங்கில எழுத்தைப் பார்த்து யாரும் அப்படிப் படிக்க மாட்டார்கள். 2021இன் டவ்தேயும் அப்படியே. 2024இல் சவூதி அரேபியா கொடுத்த பெயரோடு ஒரு புயல் வந்தபோது ஃபெங்கல், ஃபெஞ்சல், பெஞ்சல் என்று மூன்று விதமாக எழுதினார்கள். பட்டியலில் உச்சரிப்பும் தந்திருக்கிறார்கள், அது 'ஞ்ச' பக்கம்தான். அதைக் காட்டித் தலைப்பு வைத்துவிட்டு, மற்றவற்றை அந்தத் தலைப்புக்கே கொண்டுபோகும் வழிமாற்று ஆக்கிவிட்டால் முடிந்தது. வழிமாற்றுக்குக் காசா பணமா? ஆனாலும் அதற்கு முன் பக்கத்தை நாலு முறை நகர்த்தியிருந்தார்கள்.

படங்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தெரியாது. நாசாவின் செயற்கைக்கோள் படங்கள் பொதுவுரிமையில் இருப்பதால் விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் தாராளமாகக் கிடைக்கும். தடவரைபடத்தில் வட்டம் என்றால் வெப்பமண்டலப் புயல், சதுரம் என்றால் துணை வெப்பமண்டலம், முக்கோணம் என்றால் அந்தக் குணத்தை இழந்துவிட்டது. நிறம் பலத்தைக் காட்டும். நிறக்குருடு உள்ளவர்களுக்கும் வேறுபாடு தெரிய வேண்டும் என்று சில வருடங்களுக்கு முன் அந்த நிறங்களை மாற்றினார்கள். நல்ல வேலை.

எல்லாப் புயலுக்கும் தனிக் கட்டுரை வேண்டுமா என்பதில் நான் கொஞ்சம் கறார். நடுக்கடலில் தோன்றி, யாரையும் தொடாமல், அங்கேயே கரைந்தவற்றுக்கு அந்தப் பருவத்தின் கட்டுரையில் ஒரு பத்தி போதும். ஃப்ரெடி மாதிரி ஒன்று வந்தால் பருவக் கட்டுரையே தடுமாறும். 2023இல் ஆஸ்திரேலியப் பக்கம் பிறந்து இந்தியப் பெருங்கடலைக் குறுக்கே கடந்து மொசாம்பிக்கை இரண்டு முறை தாக்கியது. அதை எந்தக் கடலின் பட்டியலில் வைப்பது? இரண்டிலும்தான்.

இவ்வளவும் புயல் நாட்களின் வேலை. நான் உண்மையில் சொல்ல வந்தது அப்புறம் நடப்பதைப் பற்றி. புயல் ஓய்ந்த மறுநாளே பக்கத்தில் கூட்டம் கலைந்துவிடும். அப்போது கட்டுரை இருக்கும் நிலையைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பாதி எண்கள் அவசரக் கணிப்பு, பாதி வினைச்சொற்கள் எதிர்காலம். மையங்களோ மாதக்கணக்கில் தரவுகளை மறுபடி ஆராய்ந்து இறுதி அறிக்கை தரும். 2018 அக்டோபரில் மைக்கேல் சூறாவளி 4ஆம் வகையாகக் கரையைக் கடந்தது என்று எழுதினோம். அடுத்த ஏப்ரலில் அதை 5 ஆக்கினார்கள். 2020இல் ஐயோட்டாவை 5 என்று எழுதினோம், மறு வருடம் 4 ஆனது. 1992இல் ஃபுளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூவை 5ஆம் வகை என்று சொல்ல 2002 வரை ஆனது.

உயிரிழப்பு எண்ணிக்கை இன்னும் கனமானது. 2017இல் மரியா சூறாவளியால் புவேர்ட்டோ ரிக்கோவில் இறந்தவர்கள் என்று அரசு சொன்னது 64. மின்சாரம் இல்லாமல், மருத்துவம் கிடைக்காமல் பின்னால் இறந்தவர்களையும் கணக்கிட்ட ஆய்வுக்குப் பிறகு, 2018 ஆகஸ்டில் அதே அரசு 2,975 என்று ஏற்றுக்கொண்டது. 2005இல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனாவுக்கு நேர்மாறு: பல வருடம் 1,833 என்று எல்லாரும் எழுதிய எண்ணை 2023இல் சூறாவளி மையம் 1,392 ஆகத் திருத்தியது. 64ஐ எழுதியது எங்களைப் போன்ற விக்கிப்பீடியர்கள்தானே? அது அன்றைக்குத் தவறும் இல்லை, மேற்கோளோடுதான் எழுதப்பட்டது. ஆனால் திரும்பி வந்து பார்க்காவிட்டால் அதைப் பொய் ஆக்குவது நாங்கள்தான்.

அதனால் என் பயனர் பக்கத்தின் கீழே 'அறிக்கைக்குக் காத்திருப்பவை' என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். புயல் பெயர், நாங்கள் எழுதிய எண், எந்தத் தேதியின் அறிக்கை. இறுதி அறிக்கை வந்ததும் ஒன்றொன்றாக அடித்துவிடுவேன். அதற்கு யாரும் நன்றி சொல்லிப் பார்த்ததில்லை, மாற்றம் நடந்ததே பலருக்குத் தெரியாது.

போன வாரம் பார்த்த அந்த வரி பட்டியலுக்கு முந்தைய காலத்தது. 'கரையைக் கடந்தது' என்று மாற்றிவிட்டு, கை சும்மா இருக்காமல், 'எதிர்பார்க்கப்படுகிறது' என்ற சொல்லைப் புயல் கட்டுரைகளின் பகுப்பு முழுக்கத் தேடினேன். வந்து குவிந்தது. மூன்று நாள் இரவு உட்கார்ந்து பெரும்பாலானவற்றை முடித்துவிட்டேன். ஒன்றை மட்டும் எப்படித் திருத்துவது என்று புரியவில்லை. கடந்த நேரத்தைச் சரிபார்க்க அடிக்குறிப்பின் இணைப்பைச் சொடுக்கினால், அதே முகவரியில் அந்த மையம் புதிய அறிக்கைகளை ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறது. திறந்தது வேறொரு புயலின் அறிக்கை. இணையக் காப்பகத்தில் அந்த வாரத்துக்கு மட்டும் பிரதி இல்லை. இப்போதைக்கு 'மேற்கோள் தேவை' வார்ப்புருவை ஒட்டிவிட்டு, பட்டியலில் கடைசியாகச் சேர்த்திருக்கிறேன்.