முற்றத்தில் எந்த மொழி?

தொடக்கப் பள்ளியில் முதல் இரண்டு வருடம் ஆங்கிலப் பாடமே கிடையாது.

அயர்லாந்தில் ஐரிஷ் பேசும் கேல்டாக்ட் பகுதிகளுக்கான கல்விக் கொள்கையை இன்று மறுபடி புரட்டியபோது இந்த நிபந்தனையில்தான் கண் நின்றது. 2016இல் அறிவித்து, 2017இல் தொடங்கிய திட்டம். சேர்வது பள்ளியின் விருப்பம். சேர்ந்தால் ஆங்கிலம் தவிர எல்லாப் பாடமும் ஐரிஷில். செயல்திட்டம் எழுத வேண்டும். பதிலுக்குக் கூடுதல் கற்பித்தல் நேரமும் நிதியும் கிடைக்கும். கேல்டாக்ட் பள்ளி என்ற அங்கீகாரத்துக்கு முன் ஆய்வாளர்கள் வந்து பார்ப்பார்கள்.

சிக்கல் வகுப்புக்கு வெளியே.

ஐரிஷ் தெரியாத ஒரு பிள்ளை விளையாட்டில் சேர்ந்தால் போதும், வீட்டில் ஐரிஷ் பேசும் பிள்ளைகளும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். எல்லோருக்கும் தெரிந்த மொழி அதுதானே! அதனால்தான் கூடுதல் நேரம் புதிதாகக் கற்பவர்களுக்கு மட்டுமல்ல, தாய்மொழிப் பிள்ளைகளுக்கும் ஒதுக்கப்படுகிறது. அவர்களைத் தனிக்குழுவாக உட்காரவைத்து சொல்வளம் சேர்க்க வேண்டும். மிக நல்ல ஏற்பாடு இது.

வட்டார வழக்கும் முக்கியம். டோனிகால் பேச்சு வேறு, கோனமாரா வேறு, கெரி வேறு. வாசிப்புப் புத்தகம் பாட்டி பேசுகிற மாதிரி இல்லையென்றால் பிள்ளை தடுமாறும்.

பாடவேளையை எண்ணுவது எளிது. மேற்பார்வையிடுபவர்கள் இடைவேளை மணி அடித்ததும் பத்து நிமிடம் முற்றத்திலும் நிற்க வேண்டும், காதைத் தீட்டிக்கொண்டு.