டெக்ஸ்ட்ரான்–ஜெலட்டின் திசுப்பசை: கலப்பதிலிருந்து வெடிப்பழுத்தம் வரை

காயத்தை ஒட்டும் திசுப்பசையை ஆய்வகத்தில் செய்து பார்க்க, டெக்ஸ்ட்ரானும் (சர்க்கரைச் சங்கிலி) ஜெலட்டினும் (புரதம்) எளிதான ஜோடி. டெக்ஸ்ட்ரானில் உண்டாக்கும் ஆல்டிஹைடு (எளிதில் வினைபுரியும் வேதித்தொகுதி), ஜெலட்டினின் அமீனையும் (நைட்ரஜன் உள்ள தொகுதி) பிடிக்கும், திசுப் புரதத்தின் அமீனையும் பிடிக்கும். ஜெல் கட்ட புற ஊதா விளக்கு வேண்டியதில்லை.

10 கிராம் டெக்ஸ்ட்ரானை (மூலக்கூறு எடை 70,000) 100 மி.லி. நீரில் கரையுங்கள். ஆல்டிஹைடை உண்டாக்க, 4 கிராம் சோடியம் பெர்அயோடேட்டை 50 மி.லி. நீரில் தனியே கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையை அலுமினியத் தாளால் மூடி அறை வெப்பத்தில் 4 மணி நேரம் கலக்குங்கள். வினையை நிறுத்த 1 மி.லி. எத்திலீன் கிளைக்கால், மேலும் 1 மணி நேரம். பிறகு சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் 3,500 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) பையில் கட்டி, நீரில் 3 நாள் டயாலிசிஸ், உறைய வைத்து உலர்த்தல்.

டயாலிசிஸ் நீரை மாற்றச் சோம்பல்பட்டால் வினையில் உண்டான ஃபார்மிக் அமிலம் தங்கிவிடும். பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) இறங்கி, அமீன் புரோட்டானை ஏற்றுக்கொண்டு வினைக்கே வராது. ஜெல் கட்டவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் பி.எச். பார்க்கட்டும், 7.4க்குக் குறைந்தால் சரிசெய்ய வேண்டும். உலர்ந்த தூளும் லேசில் கரையாது. பஃபரில் (பி.எச். மாறாமல் வைக்கும் கரைசல்) 10 சதவீதமாகப் போட்டு 50 டிகிரியில் சில மணி நேரம் குலுக்க வேண்டியிருக்கும்.

ஜெலட்டின் 20 சதவீதம், 37 டிகிரியில். பெங்களூரு டிசம்பர் காலையில் இது சிரிஞ்சுக்குள்ளேயே உறைந்துபோகும் (சென்னைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு). இரு கரைசலையும் தனித்தனி சிரிஞ்சில் எடுத்து, அவை சேர்ந்து வெளிவரக் கலவை முனையைப் பொருத்த வேண்டும். சிரிஞ்சு, கலவை முனை இரண்டையும் இன்குபேட்டரில் சூடேற்றி வையுங்கள். ஒரே மூச்சில் அழுத்துங்கள். நடுவில் நிறுத்தினால் முனைக்குள்ளேயே ஜெல் கட்டிவிடும். பலம்கொண்டு தள்ளாமல் முனையை மாற்றுங்கள். முதலில் வரும் சில துளிகளில் விகிதம் சரியாக இருக்காது, துடைத்தெறியுங்கள்.

வெடிப்பழுத்தச் சோதனைக்கு (பசை எந்த அழுத்தத்தில் கிழியும் என்று பார்க்க) கொலாஜன் என்ற புரதத்தாலான தாளில் 3 மி.மீ. துளை, அதைப் பசையால் அடைத்து, சிரிஞ்சு பம்பில் நிமிடத்துக்கு 2 மி.லி. உப்புநீர். தாளுக்குப் பதில் பன்றித்தோல் வாங்கினால், முடி பொசுக்கியதோ வெந்நீரில் வழித்ததோ வேண்டாம். வெந்த புரதத்தில் ஒட்டிப் பார்ப்பதில் அர்த்தமில்லை. மேற்பரப்பு ஈரத்தை ஒற்றி எடுத்த பிறகே பசை.

சிஸ்டாலிக் அழுத்தமான (இதயம் சுருங்கும்போதுள்ள இரத்த அழுத்தம்) 120 மி.மீ. பாதரசத்தைத் தாண்டியதும் மகிழ்ந்துவிட வேண்டாம். கிழிந்த இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஜெல் முழுசாக உரிந்து வந்திருந்தால் ஒட்டுதல் போதவில்லை: ஈரம் மிஞ்சியிருக்கும், அல்லது ஆல்டிஹைடு குறைவு. திசுவில் ஜெல் ஒட்டியபடியே நடுவில் பிளந்திருந்தால் ஜெல்லே பலவீனம்: காற்றுக்குமிழி, கலவைக் குறை, அல்லது செறிவு போதாமை. முதல் வகைக்கு ஆல்டிஹைடைக் கூட்டலாம். ஆனால் வினைபுரியாமல் மிஞ்சுவது செல்களைக் கொல்லும் என்பதால், கூட்டிய ஒவ்வொரு முறையும் செல் நச்சுத்தன்மைச் சோதனையைத் திரும்பச் செய்தாக வேண்டும்.