யுகாத்தானில் சைக்கிள்: பயண நாட்குறிப்பு

16 ஜனவரி 2024, வயாதோலித்

மேடு பள்ளமே இல்லாத பூமி. மெக்சிகோவின் இந்த மூலை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. சைக்கிளில் கியரைத் தொடவே வேலை வரவில்லை. எங்கள் வழிகாட்டி இந்த மண்ணின் பூர்வகுடியான மாயா இனத்து இளைஞர். வழிநெடுக வீட்டு வாசல்களில் நின்றவர்களிடம் மாயா மொழியில் நலம் விசாரித்துக்கொண்டே மிதித்தார். பிரசுரங்களில் என்னவோ "மறைந்துபோன மாயர்கள்" என்றுதான் போடுகிறார்கள். 2020 கணக்கெடுப்பில் மட்டும் மெக்சிகோவில் இந்த மொழியைப் பேசுபவர்கள் ஏழரை லட்சத்துக்கும் மேல்!

17 ஜனவரி

ஊரிலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி ட்சித்னுப் கிராமம். சாலையோரம் தனியாகச் சைக்கிள் பாதை உண்டு. இங்கே ஆறு என்று ஒன்று கண்ணில் படாது. பெய்த மழை பாறைக்குள் இறங்கி அடியிலேயே ஓடுகிறது. அந்தக் குகைகளின் கூரை இடிந்து விழுந்த இடம்தான் செனோட்டே. மாயா ஊர்கள் தண்ணீருக்கு நம்பியிருந்தது இவற்றைத்தான்; மழைக் கடவுள் சாக்கின் இருப்பிடமாகவும் கும்பிட்டார்கள்.

ஷ்கெகென் குகையில் கூரைத் துளை வழியே வெயில் நேராகத் தண்ணீரில் விழுகிறது. இறங்குமுன் குளித்தாக வேண்டும், சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு இறங்கக் கூடாது. நல்ல விதி, குடிநீரும் இதே நிலத்தடி நீர்தானே. பக்கத்திலேயே உள்ள சாமுலாவில் மேலே நிற்கும் மரத்தின் வேர்கள் குகைக்குள் கயிறாகத் தொங்குகின்றன.

எந்தச் செனோட்டேயைப் பார்த்தாலும் உடன் வந்த ஒருவர் டைனோசர்களை அழித்த விண்கல்லை இழுத்துவிடுகிறார். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த அந்தக் கல் தோண்டிய பள்ளத்தின் விளிம்பை ஒட்டிய செனோட்டே வளையம் மெரிதா நகரத்துப் பக்கம். வயாதோலித் அதற்கு வெளியே.

18 ஜனவரி

மழை. சைக்கிளுக்கு ஓய்வு, வயிற்றுக்கு வேலை. கொச்சினிதா பிபில்: பன்றி இறைச்சியில் அச்சியோத்தே விதை விழுதும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் தடவி, வாழையிலையில் சுற்றி, மண்குழி அடுப்பில் வேகவைப்பது. சைவக்காரர்களுக்குச் சாயா கீரையும் முட்டையும். அந்தக் கீரையைப் பச்சையாகத் தின்னக் கூடாது, நன்றாக வேக வேண்டும்.

19 ஜனவரி

மண்பாதையில் ஒரு மில்பாவுக்குப் போனோம். மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றும் சேர்ந்து வளரும் வயல். அறுவடை முடிந்து காய்ந்த தட்டைகள்தான் மிச்சம்.

வயலோரக் காட்டில் சப்போட்டா மரம்! இதன் பூர்வீகமே இந்தப் பக்கம்தான். பட்டையில் குறுக்கும் நெடுக்குமாகப் பழைய வெட்டுத் தழும்புகள். அதில் வடிந்த பாலைக் காய்ச்சித்தான் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்தார்கள். கட்டை அவ்வளவு உறுதி; பழங்கால மாயர் கோயில் வாசல்களுக்கு உத்தரமாக வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் தேனீக்கள். குடைந்த மரக்கட்டைகளை இரு முனையும் அடைத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். உள்ளே கொட்டாத இனம், நம் கொசுத்தேனீக்குச் சொந்தம், உருவில் பெரிது. தேன் நீர்த்து, லேசாகப் புளிக்கிறது. ஒரு குட்டி புட்டி வாங்கினேன்.

20 ஜனவரி, கோபா

இங்கே வேனில் வந்தோம். பழைய மாயா நகரத்தின் இடிபாடுகளுக்குள் சுற்ற வாடகைச் சைக்கிள் கிடைக்கிறது. மிதிப்பது சாக்பே எனும் பழைய வெள்ளைச் சாலைகளை ஒட்டியே. கோபாவிலிருந்து யாஷுனா எனும் இன்னொரு மாயா ஊர் வரை போன சாக்பே சுமார் 100 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் வண்டியும் இல்லை, இழுக்க மாடு குதிரையும் இல்லை. அத்தனை சுமையும் மனிதர் முதுகில்தான் போயிருக்கிறது.

நோஹோச் முல் பிரமிடு 42 மீட்டர். மிதிக்க முடியாதவர்களை உள்ளூர்க்காரர்கள் மூன்று சக்கர வண்டியில் உட்கார வைத்து ஓட்டிப்போகிறார்கள். சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேருமுன் போய்விட்டால் பாதை காலியாகக் கிடைக்கும்.